அடுத்து வரவேண்டிய இந்திய மாடல் ரயில் எது: எஞ்சினா, பெட்டியா?

கொருக்குப்பேட்டை கேபின்:

வணக்கம் நண்பர்களே. அடுத்து எந்த நீராவி எஞ்சினை மாடலாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் அகலப்பாதைப் பயணிகள் எஞ்சினான டபிள்யூ.பி. என்போம், மீதிப் பேர் மீட்டர் கேஜ் பயணிகள் எஞ்சினான ஒய்.பி. என்போம். அந்தச் சண்டை எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். என் கட்சி வேறு. முதலில் பெட்டி வரட்டும், எஞ்சின் அப்புறம்.

எந்தப் பெட்டி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்த இரண்டாம் வகுப்புப் பெட்டி, அதுவும் பழைய செங்காவி நிறத்தில். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்த தொழிற்சாலை அது. ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியின் வடிவமைப்போடு தொடங்கிய அந்தப் பழைய ரகப் பெட்டி 2018 ஜனவரி வரை அங்கே செய்யப்பட்டது. அறுபது வருடத்துக்கு மேல் ஒரே உடம்பு. இந்தக் காலத்துக்குள் அதை இழுத்த எஞ்சின்களைப் பாருங்கள். டபிள்யூ.பி. இழுத்தது, டபிள்யூ.டி.எம்.2 டீசல் இழுத்தது, மின்சார எஞ்சின்களான டபிள்யூ.ஏ.எம்.4 இழுத்தது, டபிள்யூ.ஏ.பி.4 இழுத்தது. எந்தக் காலத்தை எடுத்து மாடல் அமைத்தாலும் இந்தப் பெட்டி பொருந்தும்.

கம்பெனிக்காரர் பக்கத்திலிருந்து யோசித்தாலும் கணக்கு இதுதான். ஒருவர் ஒரு டபிள்யூ.பி. வாங்குவார். பெட்டி என்றால் ஐந்தோ எட்டோ வாங்கியே ஆக வேண்டும். வார்ப்பு அச்சுக்குப் போட்ட பணம் பெட்டியில்தான் சீக்கிரம் திரும்பும். இழுக்கப் பெட்டி இல்லாத எஞ்சின் கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும்.

அளவும் வசதியானதே. முனைகளில் மோதலைத் தாங்கும் பஃபர் நீங்கலாகப் பெட்டியின் நீளம் 21.337 மீட்டர். ஹெச்.ஓ., அதாவது 1:87 அளவில் 245 மில்லிமீட்டர் வரும். எஞ்சினோடு ஐந்து பெட்டி சேர்த்தால் ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் வீடுகளில் ஒரு சுவர் ஓரத்துப் பலகையில் அடங்கிவிடும்.

உங்கள் வரிசையைச் சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள்.


யானைகவுனி பாலம்:

கேபின் அண்ணே, நீங்கள் சொல்வது வியாபாரக் கணக்கு. சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒருவரை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுப்பது பெட்டி இல்லை, எஞ்சின்தான்.

பழைய யானைகவுனி பாலத்தில் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார். பேசின் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து டபிள்யூ.பி. பின்னோக்கியே வந்து சென்ட்ரலில் வண்டியைப் பிடிக்கப் போகும். பாலத்துக்கு அடியில் நுழையும்போது புகை முழுவதும் நம் மேல்தான். அந்தக் குண்டு மூக்கு, அதன் நடுவில் நட்சத்திரம், மூக்கு ஓரத்துப் பட்டை எல்லாம் மேலேயிருந்து பார்க்கத் தெரியும். அதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அதற்குப் பின்னால் என்ன பெட்டி வந்தது என்று கவனித்திருக்காது.

டபிள்யூ.பி.க்கு வெளிநாட்டுச் சந்தையும் இருக்கிறது. 1947-ல் முதல் பதினாறு எஞ்சின்களைச் செய்தது அமெரிக்காவின் பால்ட்வின். பிறகு கனடாவில் செய்தார்கள், போலந்தின் ஃபாப்ளாக்கில் செய்தார்கள், வியன்னாவில் செய்தார்கள். கடைசியில் சித்தரஞ்சன். மொத்தம் 755. தங்கள் ஊரில் செய்த எஞ்சின் இந்தியாவில் ஓடியது என்று தெரிந்தால் போலந்துக்காரரும் கனடாக்காரரும் ஒன்று வாங்குவார்கள். ஐ.சி.எஃப். பெட்டிக்கு அந்த ஆட்கள் கிடைப்பார்களா?


பன்னிரண்டு மில்லி:

டபிள்யூ.பி. மாடல் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். தண்டவாளம்.

நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 1:87-ல் அது 19.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5. அது ஐரோப்பிய, அமெரிக்க அகலமான 1,435-க்கு உரியது. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறைவு. அகன்ற உடம்பும் குறுகிய காலுமாக நிற்கும் டபிள்யூ.பி.யை முன்னாலிருந்து பார்த்தால் நமக்குப் பழகிய அந்தக் கம்பீரமே போய்விடும். சிலிண்டர் வெளியே, சக்கரம் எங்கேயோ உள்ளே. நடுவில் இணைப்புத் தண்டுகளுக்கு முட்டுக் கொடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.

மீட்டர் கேஜை எடுங்கள். 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. ஹெச்.ஓ.எம். என்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. பெக்கோ செய்கிறது, டில்லிக் செய்கிறது, ஸ்விஸ் மலைரயில்களை மாடலாக்கும் பெமோவின் உலகமே அதில்தான் ஓடுகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒய்.பி.யின் ஓட்டுசக்கரம் 54 அங்குலம், மாடலில் 15.8 மில்லிமீட்டர். 4-6-2 அமைப்பு, அதாவது முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு ஓட்டுசக்கரம், பின்னால் இரண்டு; மெலிந்த பாய்லர், உயரத்தில் ஓடும் நடைபலகை. 871 எஞ்சின்கள், 1949-ல் தொடங்கி டாடாவின் டெல்கோ ஜாம்ஷெட்பூரில் செய்தவையே அதிகம். எழும்பூரிலிருந்து தெற்கே போன ஒரு தலைமுறைக்கு ரயில் என்றாலே இதுதான்.

ஒய்.பி.க்கு அச்சு செய்தால் ஒய்.ஜி. பாதி தயார். பயணிகள் வண்டிக்கு ஒய்.பி., சரக்குக்கு 2-8-2 ஒய்.ஜி. இரண்டுக்கும் பாய்லர் ஒரே வடிவமைப்பு. ஒரு செலவில் இரண்டு எஞ்சின்.


கொருக்குப்பேட்டை கேபின்:

பன்னிரண்டு மில்லி, அகலக் கணக்கு முழுவதும் சரி. ஆனால் அதே கணக்கு என் கட்சிக்குத்தான் பலம்.

நீராவி எஞ்சினில் சக்கரம் எல்லாம் வெளியே தெரிகிறது. 3 மில்லிமீட்டர் குறைவை ஒளிக்க இடமில்லை. பெட்டியில் சக்கரங்களைத் தாங்கும் போகியின் பக்கச் சட்டம் சக்கரத்தை மூடிவிடுகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது தண்டவாளம் 19.3-ஆ 16.5-ஆ என்று யாரும் சொல்ல முடியாது. ஐ.சி.எஃப். போகியின் சக்கரம் 915 மில்லிமீட்டர், மாடலில் 10.5. அமெரிக்க 36 அங்குல சக்கரமும் அதே 10.5 என்பதால் சக்கரத்தைத் தனியாகச் செய்யவே வேண்டாம். கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சுத்தமாக 19.3-ல் ஓட்ட நினைக்கிறவர்கள் சக்கரத்தின் இருசை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எஞ்சினை அப்படி மாற்றுவது சாமானிய வேலையா?

அப்புறம் இன்னொன்று. நீங்கள் சொல்லும் ஒய்.பி. எதை இழுக்கும்? மீட்டர் கேஜ் பெட்டிக்கும் புது அச்சு வேண்டும். ஆக ஒய்.பி. கேட்பவரும் கடைசியில் பெட்டியிடம்தான் வந்து நிற்கிறார்.


ஷெல் ஷாப்:

எல்லோருக்கும் வணக்கம். ஐ.சி.எஃப். ஷெல் டிவிஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன்தான் இந்த இழையைக் காட்டினான். எஞ்சின் பற்றி உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். பெட்டி பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம்.

மாடல் என்று நான் இதுவரை பார்த்த ஐ.சி.எஃப். பெட்டிகளில் முதல் குறை, உடம்பில் ரிவெட் போட்டுவிடுகிறார்கள். ரிவெட் போட்டால்தான் பழைய ரயில் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறார்கள் போலும். ஐயா, எங்கள் பெட்டி முழுக்க வெல்டிங். அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே குழலாக நின்று பாரத்தைத் தாங்கும். அதற்காகத்தான் ஸ்விஸ்காரர்களிடம் போனார்கள். பக்கச்சுவர் தகட்டை ஒட்டும்போது எங்காவது சூடு அதிகமாகிவிட்டால் தகடு நெளியும். அதைச் சூடுகாட்டித் தண்ணீர் விட்டு இழுத்து நேராக்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். பெயின்ட் அடித்த பிறகு சாய்வெயிலில் பார்த்தால், நெளிவு எடுத்த இடம் தெரியாமல் இருக்க வேண்டும். அந்த வழவழப்பு மாடலில் வர வேண்டும்.

இரண்டாவது கூரை. இப்போது ஓடும் புது ரக எல்.ஹெச்.பி. பெட்டியின் கூரையில் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும். எங்கள் பழைய பெட்டிக்கு அது கிடையாது. வழவழப்பான கூரை, அதன் மேல் இரண்டு பக்கமும் ஓடும் காற்றுப்போக்கி மூடிகள். மாடல் ரயிலை நாம் மேலேயிருந்துதான் பார்க்கிறோம். கூரை தப்பாக இருந்தால் பக்கம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, அடிப்பக்கம். செங்காவிக் காலத்துப் பெட்டி என்றால் வாக்குவம் பிரேக். அதற்கு அடியில் வாக்குவம் சிலிண்டர் தொங்க வேண்டும். பிற்கால நீலப் பெட்டியில் இருக்கும் ஏர் பிரேக் சாமானை அப்படியே மாட்டிவிட்டு மேலே செங்காவி அடிக்கக் கூடாது. பேட்டரிப் பெட்டியும் போகிக்குப் பக்கத்தில் பெல்ட்டில் ஓடும் டைனமோவும் மறக்காமல் வேண்டும். போகியில் அச்சுப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் நிற்கும். அந்த ஸ்பிரிங்குக்குள் அதிர்வை அடக்க எண்ணெய் ஊற்றிய டாஷ்பாட் இருக்கும். வெளியே தெரிவது ஸ்பிரிங்கும் அதன் கீழ்க் கிண்ணமும்தான். அது தெளிவாக வந்தாலே ஐ.சி.எஃப். போகி என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். போகியின் சக்கர இடைவெளி 2,896 மில்லிமீட்டர். அதைக் குறைத்தால் பெட்டி குட்டிக்கால் வைத்த மாதிரி ஆகிவிடும்.


அம்பத்தூர் அச்சு:

ஷெல் ஷாப் ஐயா, இந்த மாதிரி பத்து வரி எழுதித் தந்தால் எங்களுக்கு வரைபடம் வரைய வாரக்கணக்கில் தேட வேண்டியதில்லை. நன்றி.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் பட்டறையில் இருக்கிறேன். பெட்டியா எஞ்சினா என்பதை எங்கள் கையிலிருந்து சொல்கிறேன்.

பெட்டி என்பது ஐந்து முகம் உள்ள ஒரு நீளப் பெட்டிதான். ஆனால் ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதால் அச்சு மேல்கீழாக மட்டும் திறந்தால் போதாது. பக்கத்துக்கு ஒரு ஸ்லைடு வெளியே நகர வேண்டும். இந்த ஸ்லைடு செலவுதான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. ஸ்லைடில் மாற்றுத்துண்டு வைத்துவிட்டால் ஒரே அச்சில் ஸ்லீப்பரும் எடுக்கலாம், பொதுப்பெட்டியும் எடுக்கலாம், கார்டு இருக்கும் எஸ்.எல்.ஆரும் எடுக்கலாம். கூரை, அடிச்சட்டம், போகி எல்லாவற்றுக்கும் பொது.

சிக்கல் எங்கே என்றால் ஜன்னல் கம்பி. நிஜத்தில் விரல் தடிமன்கூட இல்லாத கம்பி. 87-ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடும். அந்த மெல்லிய ஓடையில் பிளாஸ்டிக் ஓடி நிரம்பாது, நிரம்பினாலும் அச்சிலிருந்து தள்ளும்போது ஒடியும். அதனால் பலர் கம்பியைத் தடியாக வைக்கிறார்கள். உடனே பெட்டி ஜெயில் வண்டி மாதிரி ஆகிவிடுகிறது. சரியான வழி இரண்டு. பித்தளைத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த கம்பிச் சட்டத்தை உள்ளேயிருந்து ஒட்டுவது. இல்லையென்றால் ஒளிபுகும் ஜன்னல் தகட்டில் கம்பியை அச்சடிப்பது. முதலாவது அழகு, இரண்டாவது மலிவு. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது கம்பியின் மெலிவுதான் கண்ணுக்குப் படும், அதன் உருட்சி இல்லை.

எஞ்சின் வேறு உலகம். டபிள்யூ.பி. ஒன்றுக்கு மட்டும் பாய்லர், கேப், டெண்டர், சேசிஸ், ஆறு ஓட்டுசக்கரம், வால்வு கியர் என்று தனித்தனி அச்சும் டையும். வால்வு கியர் தண்டுகள் ஸ்டாம்பிங். மோட்டார், கியர், டிகோடர் வாங்கிப் பொருத்த வேண்டும். முதல் வேலையாக அதை எடுக்கும் சின்னக் கம்பெனி திணறும். பெட்டியை விற்று வந்த பணத்தில் எஞ்சின் செய்வதுதான் நடக்கக்கூடிய வழி. இதில் நான் கேபின் அண்ணன் பக்கம்.


கொளத்தூர் அம்மா:

என் மகளுக்கு எட்டு வயது. ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. தீப்பெட்டியை வைத்து ரயில் ஓட்டுகிறாள். பர்மா பஜாரில் பார்த்தேன், பாரிமுனையில் பார்த்தேன், பேட்டரி ரயில்கள்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு "இது நம்ம ரயில் இல்லம்மா" என்கிறாள். வெளிநாட்டு செட் விலை கேட்டேன், மூச்சே நின்றுவிட்டது. நீங்கள் பேசும் பெட்டி அவள் கைக்கு எப்போது வரும்?


கொருக்குப்பேட்டை கேபின்:

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த இழைக்கே தேவையான கேள்வி.

விலை ஏறியதற்கு முக்கியமான காரணம் வரி. பொம்மைகளும் அளவு குறைத்த மாடல்களும் சுங்கத்தில் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அந்தத் தலைப்புக்கு 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020-ல் 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதன் மேல் ஜி.எஸ்.டி. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஒரு செட் வந்து சேர்வதற்குள் விலை எங்கேயோ போய்விடுகிறது.

ஆனால் இதே வரிதான் இங்கே செய்பவருக்கு வாய்ப்பு. ஏர்ஃபிக்ஸ் விமானக் கிட் பெட்டிகளைப் புரட்டிப் பாருங்கள், பலவற்றில் இந்தியாவில் செய்தது என்று போட்டிருக்கும். வெளிநாட்டுக்காரருக்குத் துல்லியமான பிளாஸ்டிக் கிட் செய்து கொடுக்க இந்த நாட்டில் கைகள் இருக்கின்றன. நம் ரயிலை நமக்குச் செய்ய அந்தக் கைகள் போதும்.

உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்காக நான் கேட்பது, அதே உடம்பில் ஒரு எளிய பதிப்பு. அடிப்பக்கச் சாமான்கள் சேர்த்தே வார்த்தது, உடையும் துண்டுகள் கிடையாது, கப்ளிங் கொக்கி தடியாக. கூரையும் ஜன்னலும் நிறமும் மட்டும் உண்மையாக இருக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளை "நம்ம ரயில்" என்று அடையாளம் காண்பது அந்த மூன்றை வைத்துத்தான். பெரியவர்கள் பதிப்புக்கும் குழந்தைகள் பதிப்புக்கும் ஒரே உடல் அச்சு என்றால் எண்ணிக்கை கூடும், இரண்டின் விலையும் இறங்கும்.


பெரம்பூர் இருபத்தொன்று:

யாரும் இன்னும் ஈ.ஐ.ஆர். 21 என்ற பழைய நீராவி எஞ்சின் பேரைச் சொல்லவில்லையே! வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு அதை விட்டுவிட்டுப் பேசலாமா?

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்தது. ஃபேரி குயின் அதன் உடன்பிறப்பு, எண் 22. ஓடாமல் காட்சிக்கு நின்ற எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பிரித்து, இல்லாத பாகங்களைக் கையாலேயே செய்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓட்டிக் காட்டினார்கள். ஃபேரி குயினை 1997-ல் ஓடவைத்ததும் இதே பெரம்பூர்தான். அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் அயனாவரத்திலும் பெரம்பூரிலும் இருக்கிறோம். மேசைமேல் வைக்க எங்களுக்கு அந்த எஞ்சின் வேண்டும்.


அம்பத்தூர் அச்சு:

வேண்டும்தான் அண்ணே. ஆனால் ஓட வேண்டும் என்றால் கஷ்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது 2-2-2. ஓட்டுசக்கரம் ஒரே ஒரு ஜோடி, 6 அடி விட்டம், ஹெச்.ஓ.வில் 21 மில்லிமீட்டர். மொத்த இழுவையும் அந்த இரண்டு சக்கரத்தின் பிடியில். முன்னும் பின்னும் இருக்கும் சின்னச் சக்கரங்கள் எடையைத் திருடிக்கொள்ளும். தண்டவாளத்தில் ஒரு சின்ன மேடு வந்தால் ஓட்டுசக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுழலும். தண்ணீர்த் தொட்டி சட்டத்துக்கு நடுவில் இருப்பதால் டெண்டரும் கிடையாது, மோட்டாரை அங்கே ஒளிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பாய்லரோ ஒல்லி.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். பாய்லருக்குள் மோட்டார் வைக்காமல் முழுக்க ஈயம் நிரப்புவேன். பின்னால் ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும் அல்லவா, மோட்டாரை அந்தப் பெட்டியில் வைத்து எஞ்சினைத் தள்ளவிடுவேன். ஓட்டுசக்கரம் தண்டவாளத்தை உரசி தானே சுழலும். பார்ப்பவருக்கு எஞ்சின்தான் இழுக்கிறது என்றே தோன்றும்.


பெரம்பூர் இருபத்தொன்று:

அட, அப்படியென்றால் இங்கேயும் முதலில் பெட்டிதான் செய்ய வேண்டும்!


பன்னிரண்டு மில்லி:

சரி, மீட்டர் கேஜுக்குத் திரும்புகிறேன். கேபின் சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். மீட்டர் கேஜிலும் பெட்டி வேண்டும். ஆனால் பெட்டிப் பிரச்சினை குறைவாக உள்ள ஒரு மீட்டர் கேஜ் வண்டி இருக்கிறது. நீலகிரி மலைரயில்.

அதன் எக்ஸ் ரக எஞ்சினைச் செய்தது ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரக் கம்பெனி. 1914 முதல் 1952 வரை வந்தவை. 0-8-2 டேங்க் எஞ்சின், பல்தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் ஆப்ட் முறைப் பல்சக்கரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம். கீழ் சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தை ஓட்டும், மேல் சிலிண்டர் பல்சக்கரத்தை ஓட்டும். பல்தண்டவாளத்தில் ஏறும்போதுதான் மேல் தண்டுகள் ஆடத் தொடங்கும். அந்த இரண்டடுக்கு ஆட்டத்தை மாடலில் கொண்டுவந்தால் கண்ணை எடுக்க முடியாது. ஸ்விஸ் மலைரயிலுக்காக ஹெச்.ஓ.எம். அளவில் பல்தண்டவாளம் ஏற்கெனவே பெமோ செய்திருக்கிறது. விண்டர்தூர் எஞ்சின் என்பதால் ஸ்விஸ் மாடல்காரர்கள் வாங்குவார்கள். 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் சுற்றுலா வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் வாங்குவார்கள். மூன்று நான்கு பெட்டி போட்டால் முழு ரயில் ஆகிவிட்டது. எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். மேசையில் சின்ன இடம் போதும்.

இதை ஐரோப்பியக் கம்பெனி ஒன்றிடம் கேட்கலாம். ஐ.சி.எஃப். பெட்டியை இங்குள்ளவர்களிடம் கேட்கலாம். ஒன்றுக்கொன்று போட்டியில்லை.


கொருக்குப்பேட்டை கேபின்:

இது நல்ல யோசனை. மனதாரச் சொல்கிறேன். எக்ஸ் ரகத்துக்கு என் ஓட்டும் உண்டு, ஆனால் அதை வெளிநாட்டுக் கம்பெனி செய்யட்டும் என்ற நிபந்தனையோடு. இங்கே கையில் இருக்கும் கொஞ்சப் பணம் ஐ.சி.எஃப். பெட்டிக்கே போகட்டும்.


வ.உ.சி. நகர் கூட்ஸ்:

சரக்கு வண்டியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தண்டையார்பேட்டை யார்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் ஓட்டு அகலப்பாதைச் சரக்கு எஞ்சினான டபிள்யூ.ஜி.க்கு. 2,450 எஞ்சின்கள், டபிள்யூ.பி.யைப்போல் மூன்று மடங்குக்கு மேல். 1950-லிருந்து 1970 வரை வந்தவை. கடைசி எஞ்சினுக்கு சித்தரஞ்சனில் "அந்திம் சிதாரா", அதாவது கடைசி நட்சத்திரம் என்று பேர் வைத்தார்கள். ஓட்டுசக்கரம் சின்னது, உடம்பு அதே டபிள்யூ.பி. பாய்லர். ஆக டபிள்யூ.பி. செய்பவர் டபிள்யூ.ஜி.யையும் சேர்த்துத் திட்டமிட்டே ஆக வேண்டும். பாய்லர் அச்சு இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும், குண்டு மூக்கு மட்டும் தனித்துண்டு. மூக்கைப் பாய்லரோடு சேர்த்து வார்த்துவிட்டால் டபிள்யூ.ஜி.க்குத் திரும்ப முதலிலிருந்து செலவு.


யானைகவுனி பாலம்:

மூக்கு தனித்துண்டு என்பதற்கு நானும் கைதூக்குகிறேன். டபிள்யூ.பி.க்கே அது தேவை. ஒவ்வொரு ஷெட்டிலும் தங்கள் எஞ்சினைத் தங்கள் இஷ்டப்படி அலங்கரித்தார்கள். நட்சத்திரமும் பட்டையும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். மூக்கை மட்டும் மாற்றி நாலைந்து விதமாக விற்கலாம்.

பெட்டிதான் முதலில் என்பதற்கும் சரி என்கிறேன், ஒரு உறுதி கிடைத்தால். பெட்டி வந்த பிறகு டபிள்யூ.பி.யை யாரும் தள்ளிப்போடக் கூடாது. செங்காவிப் பெட்டியை டீசல் எஞ்சினில் மாட்டி ஓட்டிவிட்டு இதுவே போதும் என்று நின்றுவிடக் கூடாது.


ஷெல் ஷாப்:

தம்பி, செங்காவி நிறத்தைப் பற்றி ஒன்று. பளபளப்பாக அடிக்காதீர்கள். ஷாப்பிலிருந்து வெளியே போகும் அன்று மட்டும்தான் அது பளபளக்கும். கரி எஞ்சினுக்குப் பின்னால் ஓடிய பெட்டியின் கூரை சாம்பலும் கரியுமாகக் கறுத்திருக்கும். பக்கச்சுவரில் ஜன்னலுக்குக் கீழே மழைத்தண்ணீர் இறங்கிய கோடு இருக்கும். அதெல்லாம் வாங்குபவர் செய்துகொள்ளட்டும், கம்பெனி மங்கலான பூச்சாகக் கொடுத்தால் போதும்.


அம்பத்தூர் அச்சு:

ஐயா, ஒரு சந்தேகம். இரண்டாம் வகுப்பு ஸ்லீப்பரில் கதவுப்பக்கத்துக் கழிவறை ஜன்னலுக்கும் முதல் பயணி ஜன்னலுக்கும் இடையே உள்ள வெற்றுச்சுவர் எவ்வளவு? படங்களிலிருந்து அளந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு வருகிறது.


ஷெல் ஷாப்:

படத்தை நம்ப வேண்டாம், லென்ஸ் ஏமாற்றும். பெட்டிக்கே போய் அளப்போம். எனக்கு வயது ஆகிவிட்டது, குனிந்து அடிப்பக்கம் பார்க்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?


கொளத்தூர் அம்மா:

நானும் மகளும் வருகிறோம் ஐயா. அவள் குனிந்து பார்ப்பாள்.


கொருக்குப்பேட்டை கேபின்:

நானும் வருகிறேன். வில்லிவாக்கம் அருங்காட்சியக வாசலில் ஞாயிறு காலை சந்திப்போம். இரும்பு டேப் என்னிடம் இருக்கிறது. அம்பத்தூர் தம்பி, எந்தெந்த அளவு வேண்டும் என்று ஒரு படம் வரைந்து எண்ணிட்டு இங்கே போடுங்கள். ஜன்னல் உயரம், இரண்டு ஜன்னலுக்கு இடைவெளி, கூரை வளைவு தொடங்கும் இடம், போகி நடுவிலிருந்து பெட்டி முனை வரை, இந்த நான்கும் கட்டாயம். கூரைக்கு ஏற விடமாட்டார்கள், அதை ஷெல் ஷாப் ஐயாவிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.